எங்கள் வாசலில் இருந்த வால்வு

“பேனா புடிச்ச கைக்கு வால்வு திரும்பாது டீச்சரம்மா. போங்க, போயி எதாச்சும் எழுதிக்கிட்டு இருங்க.”

சன்னாசி மாமா இதைச் சொன்னபோது கணுக்கால் மூழ்கும் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். நானும் அதே சேற்றில்தான் நின்றிருந்தேன். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கு அவருக்கு மூக்கு வரை இறங்கியிருந்தது. அவர் கண் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் தெரிந்தது.

நான் அப்போது டீச்சர் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருந்த ஒரு பெண். எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சை மண்டபம் வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். தோட்டத்தில் சிலர் என்னை மரியாதையாக டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். சிலர் குத்திக்காட்டக் கூப்பிடுவார்கள். சொல் ஒன்றுதான். எது எந்த வகை என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிடும்.

சன்னாசி மாமா எங்கள் தோட்டத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டவர். கண்டவர்களும் திருகி உடைத்துவிடக் கூடாது என்று, சில வால்வுகளின் மேலே இருக்கும் இரும்புச் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தால் ஆளுக்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். கிளிங், கிளிங். மாட்டுக்கு மணி கட்டின மாதிரி என்று அம்மா சொல்லுவார்.

அன்றைக்கு அவர் என்னைக் குத்தியதில் நியாயம் இருந்தது. பதின்மூன்று வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. காரணம் நான்.

புது வீடு, பழைய குடம்

லயத்தை விட்டுப் புது வீட்டுக்கு வந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. தொண்ணூறுகள் முடியப்போகிற காலம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தேயிலை மலைக்கு மேலே ஒரு மேட்டில், ஏழு இரட்டை வீடுகள் கட்டினார்கள். ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர், சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். ஆக மொத்தம் பதினான்கு வீடுகள்.

எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கடைசி வீடு கிடைத்தது. அதில் எனக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டின அறைகள், குடும்பத்துக்கு ஒரே அறை. அதில் ஐந்து பேர் படுத்தோம். வெளியே இஸ்தோப்பு என்கிற தாழ்வாரத்தில் விறகுக் கட்டுக்கும் கோழிக் கூட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அந்த ஜன்னலைப் பார்த்த அன்றே அதன் கீழே மேசை எங்கே போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மேசைதான் இல்லை.

புது வீட்டில் குசினிக்குள் ஒரு குழாய், குளிக்கிற இடத்தில் ஒன்று, கக்கூசில் ஒன்று. வாசலுக்கு நேரே தரையில் ஒரு சின்னக் குழி, அதற்குச் சிமெந்து மூடி. மூடியைத் தூக்கினால் உள்ளே சிவப்புச் சக்கரம் வைத்த வால்வு. அதைத் திறந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்றார்கள்.

பதின்மூன்று வீடுகளுக்கு வந்தது. எங்களுக்கு வரவில்லை.

அப்பா வால்வை முழுசாகத் திறந்து வைத்தார். குழாயைத் திறந்தோம். உள்ளேயிருந்து ஒரு சிலந்தி வந்தது. சன்னாசி மாமாவைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் வால்வைப் பார்த்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

“வால்வு சரியாத்தான் தொறந்திருக்கு. ஒங்க பக்கம் தரைக்குள்ள எங்கயோ அடைச்சிருக்கு. கிண்டணும். ஆபீசுல சொல்றேன்” என்றார்.

ஆபீசுக்குச் சொன்னது எப்போது காதில் விழும் என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் புது வீட்டுக்குப் பழைய குடம். பழைய லயத்துப் பீலிக்கு இறங்கி, தண்ணீர் பிடித்து, குறுக்குப் பாதையில் மறுபடி ஏற வேண்டும். நான் பகலில் நாலு நடை நடப்பேன். ஆனாலும் மலையில் வேலை முடிந்து வந்த அம்மா, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். கூடைக் கயிறு நெற்றியில் பதித்த சிவப்புக் கோடு மறைவதற்குள் இடுப்பில் குடம் ஏறியிருக்கும்.

ஒரு நாள் படியேறி வந்து குடத்தை வைத்துவிட்டு, அம்மா குசினிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு நல்லாத்தான் இருக்கு. சாமி படம் மாதிரி. பாத்து கும்பிட்டுக்கலாம், ஒன்னும் கேக்க முடியாது” என்றார்.

முந்தானையில் ஒரு சாவி

இதற்கு நடுவில் ஆபீசிலிருந்து ஒரு சொல் வந்தது. புது வீடு கிடைத்தவர்கள் எல்லாரும் வருகிற சனிக்கிழமை பகலுக்குள் பழைய லய அறையின் சாவியைத் திருப்பித் தர வேண்டும். தராதவர்கள் லயத்திலேயே இருந்துகொள்ளலாம். புது வீடு பட்டியலில் அடுத்து இருப்பவர்களுக்குப் போகும்.

எங்கள் சாவி அம்மாவின் முந்தானையில் முடிந்திருந்தது. கறுத்துப்போன பெரிய இரும்புச் சாவி. அம்மா நடக்கும்போது அது இடுப்பில் இடிக்கும்.

“நான் சாவியக் குடுக்க மாட்டேன்” என்றார் அம்மா. “கால் முட்டி ரெண்டும் போச்சு. வயசான காலத்துல இந்த மேட்டுல தண்ணி சுமக்க என்னால ஆகாது. லயத்துல எறங்கினா பீலி. அது போதும் எனக்கு.”

அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை செய்தார். அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டுக்குப் பெயர் கொடுக்க அவர் எத்தனை நாள் வெயிலில் நின்றார் என்று எனக்குத் தெரியும். அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: “சனிக்கெழம வரைக்கும் பாப்போம்.”

 அம்மாவுக்கு முட்டிவலி என்பது உண்மை. எனக்கு அந்த ஜன்னல் வேண்டும் என்பதும் உண்மை. இரண்டாவதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மூடத் தெரியாத தண்ணீர்

பீலி என்பதைப் பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மலையில் ஊறுகிற தண்ணீரை ஒரு குழாய் வழியாகக் கொண்டுவந்து, ஒரு கல் மேடையில் விழ விடுவார்கள். அவ்வளவுதான். அதற்குத் திருகும் இல்லை, மூடியும் இல்லை. இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கும். எங்கள் லயத்தில் முன்பு மூங்கிலாக இருந்ததாம். எனக்குத் தெரிந்து இரும்புக் குழாய்.

பீலியை யாராவது துணி வைத்து அடைத்தால் பெரியவர்கள் திட்டுவார்கள். ஓடுகிற தண்ணீரை நிறுத்தினால் மேலே எங்கேயாவது உடைத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். அதனால் மூடுவது என்ற வேலையே எங்கள் கைக்குப் பழக்கமில்லை. புது வீடுகளில் முதல் வாரம் எல்லாக் குழாய்களும் திறந்தே கிடந்தன. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், குசினிக்குள் பாய் மிதந்ததாம்.

நான் படித்த பள்ளிக்கூடமும் ஒன்றும் குறைச்சல் இல்லை. விஞ்ஞான அறையில் மேசைக்கு ஒரு குழாய் இருந்தது, பளபளவென்று, அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து. எந்தக் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் விஞ்ஞான சேர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, “இந்தக் குழாயால தண்ணி வருது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ” என்பார். நாங்கள் வைத்துக்கொண்டோம். அமுக்கம் பற்றிய பாடத்தில் எனக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி.

அந்தப் புள்ளிதான் என்னைச் சேற்றில் கொண்டுபோய் நிறுத்தியது.

புத்தகத்தில் இருந்த மேடு

குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், அந்த மேட்டின் உச்சியில் காற்று தங்கித் தண்ணீரை மறிக்கும் என்று படித்திருந்தேன். மலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீடுகளுக்கு வரும் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், டர்பன்டைன் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. எங்கள் வீடு எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருந்தது. வேறென்ன வேண்டும்?

“அப்பா, காத்து அடைச்சிருக்கு. மேட்டுல இருக்கிற பொருத்தைக் கொஞ்சமா நெகிழ்த்தி விட்டா காத்து போயிரும். தண்ணி வந்துரும்.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“புத்தகத்துல இருக்கு.”

புத்தகத்தில் இருக்கிறது என்று நான் சொன்ன எதையும் அப்பா என் வாழ்நாளில் மறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறலில், ஓர் இரவல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என்னோடு மேலே வந்தார். கொஞ்சமாக நெகிழ்த்தச் சொன்னேன். கொஞ்சமாகத்தான் நெகிழ்த்தினார். பொருத்து முழுசாகக் கழன்று அவர் கைக்கு வந்துவிட்டது. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பாய்ந்து இருவரையும் நனைத்தது. பக்கத்துத் தேயிலைச் செடிகளின் வேர் வரைக்கும் மண் கரைந்து ஓடியது.

காற்று வந்ததா என்று கேட்காதீர்கள்.

கிளிங், கிளிங் என்று சன்னாசி மாமா ஓடிவந்தார். சைக்கிள் டியூப்பை வாராகக் கிழித்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். முழு வேலையும் முடிய மறுநாள் ஆனது. அதுவரை பதின்மூன்று வீட்டுக்காரர்களும் குடத்தோடு பீலிக்கு இறங்கினார்கள். அந்தக் கட்டு முடிந்த நேரத்தில்தான் என்னைப் பார்த்து அந்தப் பேனா வாசகத்தைச் சொன்னார்.

அப்பாவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஸ்பேனரைப் பிடித்தவர் அப்பா. ஆனால் தப்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்குப் பீலியில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “படிச்சா தண்ணி வரும்னு நெனச்சேன். படிச்சா தண்ணி நின்னுரும் போலருக்கே.”

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நல்ல வாக்கியம் அது. அன்று குடத்தில் பாதி நிரம்பியதும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

வாசலுக்கு நேரே இருப்பது

என் கணக்கில் இருந்த ஓட்டை எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கள் வீட்டோடு ஒட்டிய மாரியாயி அத்தையின் வீடும் அதே உயரத்தில்தான் இருந்தது. அவருக்குத் தண்ணீர் வந்தது. காற்று அடைத்திருந்தால் அவருக்கும் வந்திருக்கக் கூடாது. படித்த திமிரில் பக்கத்து வீட்டை எட்டிப்பார்க்கவே இல்லை.

மாரியாயி அத்தை லயத்திலும் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர். அம்மாவும் அவரும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். இருவரும் மாற்றி மாற்றி மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டை பிடிக்கும்போதும் அப்படித்தான்.

லயத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. உன் வாசலுக்கு நேரே இருப்பது உன்னுடையது. வாசலிலிருந்து தண்ணீர் ஓடுகிற கான் வரைக்கும் மண், அதில் நிற்கிற வாழை, அங்கே கட்டின கொடிக்கயிறு, எல்லாம். ஒருமுறை நாங்கள் நட்ட சௌசௌ கொடி பந்தலில் படர்ந்து அத்தையின் வாசலுக்கு நேரே போய்க் காய்த்தது. வேர் எங்களுடையது என்று அம்மா சொன்னார். காய் என் வாசலில் தொங்குது என்று அத்தை சொன்னார். லயமே கூடி, தொங்குகிற இடத்துக்கே காய் என்று தீர்ப்புச் சொன்னது. அம்மா இரண்டு வாரம் மதினியோடு பேசவில்லை. ஆனால் தீர்ப்பை மீறவும் இல்லை.

ஒரே கூரையின் கீழே, சுவருக்குச் சுவர் வாழ்கிற இடத்தில் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் தினமும் மண்டை உடையும். பிறந்ததிலிருந்து அதற்குள் வளர்ந்ததால், அது ஒரு சட்டம் என்றே எங்களுக்குத் தோன்றாது. வானம் மேலே இருப்பது போல.

புது வீட்டுக்கும் அந்தச் சட்டத்தையும் சேர்த்துத்தான் சுமந்து வந்திருந்தோம்.

சுவருக்கு அந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை பகல். எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். மழை விட்டிருந்தது. நான் குசினியில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரில் எத்தனை பாத்திரம் கழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் குசினிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குசினியும் அவர் குசினியும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அந்தச் சொட்டு எனக்குப் புதிதல்ல. குடிவந்த நாளிலிருந்து கேட்கிறது. அத்தை அதைப் பற்றிப் புலம்பாத நாளும் இல்லை. அவர் எங்களுக்கு இரண்டு நாள் முன்னால் குடிவந்தவர். அன்றே குழாய் சொட்டியதால், சன்னாசி மாமாவைக் கூப்பிட்டு வாசல் வால்வை மூடச் சொல்லியிருக்கிறார்.

“எறுக்கி எறுக்கி மூடினாரு மதினி. வால்வு மூடிருக்கு, தண்ணி நிக்கல. ஒடஞ்ச வால்வக் குடுத்து ஏமாத்திட்டாங்க. இனி திருகினா கழுத்து முறிஞ்சிரும்னு சக்கரத்தயும் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரு” என்று அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

கையில் இருந்த சட்டியை வைத்தேன்.

அத்தை வீட்டில் வால்வு மூடியிருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் வால்வு திறந்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை.

இரண்டு புகாரையும் தனித்தனியாக நூறு தரம் கேட்டிருந்தேன். அருகருகே வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சேறு இன்னும் என் செருப்பில் காய்ந்திருந்தது. இந்தமுறை யாரிடமும் எதுவும் சொல்வதாக இல்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். சிமெந்து மூடியைத் தூக்கினேன். எங்கள் வால்வின் சிவப்புச் சக்கரத்தை வலப்பக்கமாக, அது நிற்கும்வரை திருகினேன். உள்ளே ஓடிவந்து சுவரில் காதை வைத்தேன்.

டொக். டொக்.

டொக்.

பிறகு ஒன்றுமில்லை.

மறுபடி ஓடிப்போய்த் திறந்தேன். சுவரில் காது வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, டொக். மூடினேன், நின்றது. திறந்தேன், வந்தது. மூன்றுமுறை அப்படிச் செய்தேன். நாலாவது முறை தேவை இல்லை. இருந்தாலும் செய்தேன். என் சொல்லைக் கேட்டு ஒரு பொருள் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

எங்கள் வாசலில் இருந்த வால்வு அத்தையுடையது. அத்தை வாசலில், சக்கரம் இல்லாமல், இறுக மூடிக் கிடந்தது எங்களுடையது.

“அப்ப நான் திருடியா?”

அம்மாவும் அத்தையும் சேர்ந்தே மலையிலிருந்து வந்தார்கள். கூடையை இறக்குவதற்குள் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை. களைத்து வந்தவர்களிடம் முதலில் தேத்தண்ணியைக் கொடுத்திருக்க வேண்டும்.

அத்தையின் முகம் மாறியது. “என்னா சொல்ற புள்ள? இத்தன நாளா ஒங்க தண்ணியத்தான் நான் பொழங்கினேன்னு சொல்றியா? அப்ப நான் திருடியா?”

“இல்லங்க அத்தை. ஒங்க தண்ணியத்தான் நீங்க பொழங்கினீங்க. எங்க தண்ணி வரவே இல்ல.”

“என் வாசல்ல இருக்கிற வால்வு எப்புடி ஒங்களோடதாகும்?”

அம்மாவும் அத்தை பக்கமே பேசினார். “அதானே. சும்மா இரு மனோ. ஞாயித்துக்கெழம பட்டது போதாதா?”

நான் வாதம் செய்யவில்லை. “அத்தை, நீங்க உள்ள போயி ஒங்க பைப்ப நல்லா தொறந்து விடுங்க. அம்மா, நீங்க இந்தச் சக்கரத்த மூடுங்க. நான் எதையும் தொட மாட்டேன்” என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து திருகினார்.

உள்ளேயிருந்து சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அத்தை வெறும் குடத்தோடு வாசலுக்கு வந்தார்.

“நின்னுருச்சு மதினி” என்றார், யாரோ இறந்த செய்தி சொல்வது போல.

அம்மா திறந்தார். “வருது” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. அம்மா மூடினார். “நின்னுருச்சு.” திறந்தார். “வருது.” அம்மாவும் நான் செய்த மாதிரியே நாலுமுறை செய்தார். கடைசியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அடி மதினி, ஒங்க தண்ணிக்கு நான் வாசல் காத்துக்கிட்டு இருந்துருக்கேன்” என்றார்.

சக்கரம்

மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கிற இடம். ஞாயிற்றுக்கிழமையை மறக்காத முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. வேறு இடத்தில் அவரைப் பிடித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் அங்கே போனேன்.

“மாமா, மாரியாயி அத்தை வீட்டு வால்வுச் சக்கரம் வேணும்.”

“எதுக்கு, டீச்சரம்மா பரீட்சைக்குப் படிக்கவா?” யாரோ சிரித்தார்கள்.

“அது எங்க வால்வு மாமா. எங்க வாசல்ல இருக்கிறதுதான் அத்தையோடது. சாயங்காலம் நீங்களே வந்து பாருங்க. தப்புன்னா இனிமே ஒங்க பைப்புப் பக்கமே வர மாட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு அந்தச் சக்கரங்களை உருட்டிக்கொண்டு நின்றார். இரண்டு வால்வையும் பார்த்தவர் அவர். எங்களைப் போலவே அவரும் லயத்தில் பிறந்தவர்.

சாயங்காலம் வந்தார். அம்மா மூடித் திறந்து காட்டினார். அவர் அத்தையின் வாசலில் மண்டியிட்டு, மூடியை எடுத்து, பையிலிருந்து சரியான சக்கரத்தைத் தேடிப் பொருத்தினார். அவரே திருகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“நீயே தொற. எனக்குத் தெரியாததக் கண்டுபுடிச்சது நீதானே.”

திருகினேன். அசையவில்லை. இறுக்கியவர் கை அப்படி. அவர் சொன்னது சரிதானோ என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. அம்மா தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். மலையில் பனிக்கும் செடியின் கீறலுக்கும் கட்டுகிற முரட்டுச் சாக்கு அது. அதைச் சக்கரத்தின் மேல் சுற்றிப் பிடித்து, இரண்டு கையாலும் இடப்பக்கமாகத் தள்ளினேன். முறுக்கென்று ஒரு சத்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

வீட்டுக்குள் குழாய் இருமியது. காற்று, பிறகு காவி நிறத்தில் துப்பல், மறுபடி காற்று. பிறகு தண்ணீர்.

அம்மா உள்ளே போனார். கையை நீட்டினார். கொழுந்துக் கறை பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு சும்மா நின்று பார்த்தார்.

“அம்மா, மூடுங்க. வீணாப் போகுது.”

“ஓடட்டும்” என்றார். “கொஞ்ச நேரம் ஓடட்டும்.”

நாய், நீலக் கதவு, சௌசௌ

அப்படியும் அம்மா சாவியை அவிழ்க்கவில்லை. “சனிக்கெழம வரைக்கும் நிக்காம வரட்டும், பாப்போம்” என்றார். தோட்டத்து ஜனம் தண்ணீரை ஒரே நாளில் நம்பிவிடாது.

அந்த இரண்டு நாளும் நான் மற்ற வீடுகளுக்கும் போனேன். ஒரு வால்வை மூடுவது, எந்த வீட்டில் நிற்கிறது என்று கேட்பது, குறித்துக்கொள்வது. ஊகம் கிடையாது. ஏழு இரட்டை வீடுகளில் இன்னும் இரண்டு ஜோடி எங்களைப் போலவே மாறிக் கிடந்தன. எல்லா வால்வும் திறந்தே கிடந்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை. குழாய் போட வந்த மேஸ்திரியை, நாங்கள் பாஸ் என்கிற வலப்பனை ஊர்க்காரரை, பிற்பாடு பசாரில் கண்டு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். “கல தியெனவா, நங்கி” என்றார். நடுச்சுவருக்குக் கீழே பாறை இருந்ததாம். குழாயை எந்தப் பக்கம் திருப்ப முடிந்ததோ அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை தண்ணீர் பதினான்கு வீட்டுக்கும் போகிறது. யாருடைய வாசல் யாருடையது என்று அவருக்கு எதற்கு?

கணக்குக் கொப்பியின் நடுத்தாளில் எல்லாவற்றையும் வரைந்தேன். தொட்டி, பெரிய குழாய், கிளைகள், வால்வுகள். வீட்டுக்காரர் பெயர்களை எழுதினேன். சன்னாசி மாமா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேர எழுதி வச்சிருக்க. எனக்கு எப்புடித் தெரியும்?” என்றார். அவர் குரலில் வெட்கமும் இல்லை, குற்றமும் இல்லை. பொருத்தமான கருவி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பெயர்களுக்குப் பக்கத்தில் படம் போட்டேன். நீலக் கதவு வீட்டுக்கு ஒரு கதவு. குரைக்கிற வீட்டுக்கு ஒரு நாய். மாரியாயி அத்தைக்கு ஒரு சௌசௌ காய், அது யார் வாசலில் தொங்குகிறது என்பதையும் சேர்த்து. எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல்.

அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். “நாய்க்கு ஒரு காது மடங்கிருக்கும்” என்றார். திருத்தினேன். தாளை மடித்து, சக்கரங்கள் இல்லாத மற்றப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கென்று இன்னொரு பிரதியை நல்ல தாளில், அளவுகோல் வைத்து வரைந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய பேப்பர் ஒன்றில், தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டிருந்ததை வெட்டி வைத்திருந்தேன். சொந்தமாக வரைந்த படம் இருந்தால் இணைக்கலாம் என்று கீழே ஒரு வரி. இணைப்பதற்கு அதுவரை என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சனிக்கிழமை

சனிக்கிழமை காலை அம்மா குசினிக் குழாயைத் திறந்தார். வந்தது. மூடினார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

இருவரும் ஒன்றாகத்தான் இறங்கினோம். பழைய லயத்தைக் கடக்கும்போது அம்மா நின்று பீலியில் காலைக் கழுவிக்கொண்டார். பழக்கம். தோட்டத்து ஆபீஸ் பசார் ரோட்டில், தபால் கந்தோருக்கு எதிர்ப்பக்கம். என் கையில் இருந்த உறையை அம்மா அப்போதுதான் கவனித்தார்.

“என்னா அது?”

சொன்னேன். தேர்வானால் வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன்.

அம்மா சாவியோடு ஆபீசுக்குள் போனார். கிளாக்கர் ஐயா ஏதோ கேட்பதும், அம்மா பதில் சொல்வதும், மேசையில் இரும்பு வைக்கிற சத்தமும் வெளியே கேட்டது. வெளியே வந்தபோது அம்மாவின் கை இரண்டு தரம் இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

“மனோ, அதக் கொஞ்சம் வச்சிரு. அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, திங்கக்கெழம போடுவோம்” என்றார்.

நான் கையை விரித்துக் காட்டினேன். அம்மா உள்ளே இருந்த நேரத்தில் ரோட்டைக் கடந்து, உறையைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன்.